கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டப்போகும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். நீங்கள் மன்னார்குடிப் பக்கம், இந்து. பூண்டிக்குப் பக்கத்து ஊர்க் கத்தோலிக்கப் பெண்ணைக் காதலித்து, இரண்டு வீட்டிலும் ஒருவழியாகத் தலையாட்ட வைத்துவிட்டீர்கள். இப்போது பங்குக் கோயிலில் திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு வரச் சொல்கிறார்கள். போவதற்கு முன்னால் நான்கு கேள்வி. மதம் மாறச் சொல்வார்களா? உடலுறவையே பாவம் என்று நினைக்கிற மதமா இது? கருத்தடை கூடாது என்பது உண்மையா? விவாகரத்தே கிடையாது என்கிறார்கள், ஆனால் யாருக்கோ 'கல்யாணம் செல்லாது' என்று எழுதிக் கொடுத்தார்களாமே, அது என்ன கணக்கு?

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். நானும் என் வீட்டுக்காரரும் இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வகுப்பில் பேசி வருகிறோம். பங்குத்தந்தையான சாமியார் சட்டம் சொல்வார், நர்ஸ் சிஸ்டர் ஒருவர் உடம்பைப் பற்றிச் சொல்வார், நாங்கள் குடும்பம் நடத்தியவர்கள் என்ற ஒரே தகுதியில் பேசுவோம். அதனால் ஏட்டில் இருப்பதையும் சொல்கிறேன், கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன்.

மதம் மாற வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணக்க மறைமாவட்டத் தலைவரான ஆயரிடம் விதிவிலக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக உங்கள் பெண் இரண்டு வாக்குக் கொடுப்பாள். தன் விசுவாசத்தை விடமாட்டேன் என்பது ஒன்று. பிறக்கிற பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதெல்லாம் செய்வேன் என்பது இன்னொன்று. உங்களிடம் வாக்கு எதுவும் வாங்குவதில்லை. அவள் இப்படி வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும் என்று மட்டும் உறுதிசெய்துகொள்வார்கள். ஆனால் 'தெரியும்' என்று சும்மா தலையாட்டிவிட்டு வராதீர்கள். இங்கே கலப்பு மணங்களில் சண்டை வருவது சாமி விஷயத்தில் அல்ல, பிள்ளைக்கு மொட்டை போடும் விஷயத்தில். வேளாங்கண்ணியிலும் மொட்டை போடுகிறோம், வைத்தீஸ்வரன் கோயிலிலும் போடுகிறார்கள். இரண்டு பாட்டிகளும் ஒரே தலையை வைத்துக்கொண்டு இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

அப்புறம், காலையில் கோயிலில் ஒரு தாலி, அடுத்த முகூர்த்தத்தில் மண்டபத்தில் ஐயரை வைத்து இன்னொரு தாலி என்ற யோசனை வீட்டில் ஓடினால் அதையும் முன்கூட்டியே சாமியாரிடம் சொல்லிவிடுங்கள். ஒரே சம்மதத்தை இரண்டு மதச் சடங்கில் இரண்டு தடவை கொடுப்பதைத் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. நலங்கு, வரவேற்பு, விருந்து எதற்கும் தடையில்லை. நாட்டுச் சட்டத்தைக் கேட்டால், இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி மணம் செய்யலாம். அல்லது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது.

தாலியா, கிறிஸ்தவக் கல்யாணத்திலா என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். எங்கள் தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும். அதை மந்திரித்துத்தான், அதாவது ஆசீர்வதித்துத்தான், கட்டுவார்கள். இதற்குப் பின்னால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1704இல் பாப்பரசரின், அதாவது திருத்தந்தையின், தூதர் ஒருவர் புதுச்சேரியில் உட்கார்ந்து, பிள்ளையார் உருவம் வைத்த தாலியும் நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறும் கிறிஸ்தவர்களுக்குக் கூடாது என்று ஆணை போட்டார். இன்னும் பல ஊர் வழக்கங்களையும் வெட்டினார். நாற்பது வருஷம் அந்த வழக்கு ரோமாபுரிக்கும் நமக்கும் நடுவே ஓடியது. அந்த ஆணையில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்களைக் கோயிலுக்கும், சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்பது. முந்நூறு வருஷத்துக்கு முந்தியது. எங்கள் ஊரில் இன்றைக்கும் சில பாட்டிகளுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை.

இனி உள்ளே போவோம். வகுப்பில் எல்லாரும் கருத்தடையைத்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் கத்தோலிக்கப் போதனையில் மற்றதெல்லாம் தொங்குகிற ஆணி வேறு. அது சம்மதம்.

சாமியார் எங்களுக்குக் கல்யாணம் செய்துவைப்பதில்லை. அவர் சாட்சி. மணமகனும் மணமகளும் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கே மணத்தை உண்டாக்குகிறது. இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருந்தால் அதுவே அருட்சாதனம், அதாவது இறையருள் தரும் புனிதச் சடங்கு. பழைய மந்திரப் புத்தகத்தில், அதாவது செபப் புத்தகத்தில், அதன் பெயர் மெய்விவாகம். உங்கள் மணம் அருட்சாதனம் ஆகாது, ஏனென்றால் நீங்கள் ஞானஸ்நானம் பெறவில்லை. ஆனாலும் அது செல்லுபடியான முழு மணம்தான், அதில் குறை எதுவும் வைக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லப்போகும் வாசகம் இது: "இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் நான் உனக்குப் பிரமாணிக்கமாயிருந்து, என் வாழ்நாளெல்லாம் உன்னை நேசிக்கவும் மதிக்கவும் வாக்களிக்கிறேன்." இதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பார்கள். முதல் கேள்வியே, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழுமனதோடு வந்திருக்கிறீர்களா என்பது. அதற்கும் பல வாரம் முன்னால், ஓலை வாசிக்குமுன், அதாவது உங்கள் கல்யாணத்தைப் பூசையில் அறிவிக்குமுன், சாமியார் உங்களைத் தனியாகவும் அவளைத் தனியாகவும் கூப்பிட்டு இதையே கேட்பார்.

சில வருஷம் முன்னால் வகுப்புக்கு ஒரு பெண் வந்தாள். அவளைச் சாமியார் அறைக்குள் கூப்பிட்டபோது அவள் அம்மா வயர்கூடையோடு வாசலிலேயே நின்றார். மூன்று நிமிஷத்தில் பெண் வெளியே வந்துவிட்டாள். மறுநாள் மதியம் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், யாரும் வற்புறுத்தினாங்களான்னு சாமியார் கேட்டார். அடிக்கலைன்னு சொன்னேன். அது சரிதானே?"

அடிக்கவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இதற்குத் திருச்சபைச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. கத்தியைக் காட்டினால்தான் அச்சம் என்றில்லை. பெரியவர்கள் மனம் நோகுமே, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற மரியாதை கலந்த அச்சம் வேறு வழியில்லை என்கிற அளவுக்கு நெருக்கினால், அதில் பிறந்த சம்மதம் சம்மதமே அல்ல, மணம் செல்லாது. அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டு, நானே சாமியாரிடம் பேசினேன். ஓலை வாசிப்பதை நிறுத்தினார். கல்யாணம் நடக்கவில்லை. அவள் அப்பா எங்களோடு இரண்டு வருஷம் பேசவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், படுக்கையறை விஷயத்தில் திருச்சபை என்ன சொல்கிறது என்று ஊரே பேசும். கல்யாணத்துக்குச் சுதந்திரமான சம்மதம் வேண்டும் என்று அது சொல்வதை எங்கள் ஆட்களே காதில் வாங்குவதில்லை. சாதி பார்த்து, வரதட்சணை பேசி, சம்பா அறுவடை முடிந்து தை பிறந்ததிலிருந்து விபூதிப் புதன் வருவதற்குள் அவசரமாக முடித்துவிடுகிறோம். அன்று தொடங்கும் தவசுக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தில், கல்யாணம் வைப்பதில்லை, அதனால் அந்தச் சில வாரங்களில் கோயிலில் ஒரே நெரிசல். ஆடியையும் தவிர்க்கும் கத்தோலிக்க வீடுகள் உண்டு, அதைத் திருச்சபை எங்கேயும் சொல்லவில்லை! சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைப் பெற்றோர் படுத்தும் பாட்டை நான் எங்கள் பங்கிலேயே பார்த்தேன். ஓலை வாசிப்பதே தடை இருந்தால் ஊரார் சொல்வதற்குத்தான். 1215இல் லாத்தரன் சங்கம் என்கிற ஆயர்கள் மாநாடு அதைக் கட்டாயமாக்கியது. தடை என்று அதில் கருதுவது முன்பே ஆன கல்யாணம், நெருங்கிய இரத்த உறவு போன்றவற்றை. சாதி அந்தப் பட்டியலில் கிடையாது. இருந்தும் ஓலை வாசித்த அன்று மாலையே பஞ்சாயத்துக் கூடிய கதை இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அவள் வீட்டிலும் எப்படித் தலையாட்டினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவளை யார் எப்படி நெருக்கினார்கள், நீங்களே நெருக்கினீர்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

சரி, உடலுறவு பாவமா?

நேர்மையாகச் சொன்னால், அப்படி நினைத்த பெரியவர்கள் எங்களில் இருந்தார்கள். பழங்காலத் திருச்சபை அறிஞர் எரோணிமுஸ் கன்னிமையை உயர்த்துகிற வேகத்தில் கல்யாணத்தைக் காலடியில் போட்டார். அதே காலத்து அறிஞர் அகுஸ்தீனார் கல்யாணம் நல்லது என்று வாதாடியவர்தான். பிள்ளைப்பேறு, பிரமாணிக்கம், பிரிக்கமுடியாத பிணைப்பு என்று அதன் மூன்று நன்மைகளை எழுதியவரும் அவரே. ஆனால் இன்பத்தின்மேல் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. அந்தச் சந்தேகம் பல நூற்றாண்டு எங்கள் பிரசங்கங்களில் ஒட்டிக்கொண்டு வந்தது. என் அம்மா காலத்தில் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

ஆனால் சட்டத்தைப் பாருங்கள். சட்டம் வேறு கதை சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு பெரிய விவாதம். கல்யாணத்தை உண்டாக்குவது சம்மதமா, உடற்சேர்க்கையா? பாரிஸ் ஆசிரியர்கள் சம்மதம் என்றார்கள், பொலோஞா சட்ட அறிஞர்கள் சேர்க்கை என்றார்கள். திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் முடித்துவைத்தது இப்படி: சம்மதமே மணத்தை உண்டாக்கும், ஆனால் உடலும் சேர்ந்த பிறகுதான் அது முற்றிலும் கழற்ற முடியாத பிணைப்பாகும். ஞானஸ்நானம் பெற்ற இருவரின் மணம்கூட உடற்சேர்க்கை நடக்காதிருந்தால் தக்க காரணத்துக்காகத் திருத்தந்தை அதைக் கலைக்க முடியும் என்று இன்றும் சட்டத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய, தீராத ஆண்மைக்குறைவு மணத்தைச் செல்லாததாக்கும். பிள்ளை பிறக்காத குறை ஆக்காது. உடலுறவை வெறும் அசிங்கம் என்று நினைக்கிறவர்கள் இப்படிச் சட்டம் எழுதுவார்களா?

மறுபக்கமும் இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி தெரியுமில்லையா? வீரமாமுனிவர் இருந்த ஊர். அவருடைய தேம்பாவணிக்கு நாயகன் சூசையப்பர். காப்பியத் தலைவனாக வாள் ஏந்திய அரசன் இல்லை, ஒரு தச்சர், ஒரு பெண்ணின் கணவர். சூசையப்பரும் மரியாளும் உடலால் சேரவில்லை என்பது எங்கள் விசுவாசம். ஆனாலும் அது உண்மையான மணம் என்றே அகுஸ்தீனார் முதல் எல்லாரும் சொன்னார்கள், ஏனென்றால் சம்மதம் இருந்தது.

நவீன காலத்தில் இதை அழகாக விரித்தவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். 1979 செப்டம்பரிலிருந்து 1984 நவம்பர் வரை, புதன்கிழமை மக்களைச் சந்திக்கும்போது மொத்தம் 129 உரை. எல்லாம் மனித உடலைப் பற்றி. பைபிளில் மனிதன் பேசுகிற முதல் பேச்சே, பெண்ணைப் பார்த்த ஆண் 'இவளே என் எலும்பின் எலும்பு, சதையின் சதை' என்று மகிழ்ந்து கூவியதுதான். அதை அவர் விரித்துப் பேசுகிறார். உடம்புக்கு ஒரு மொழி உண்டு என்பது அவர் வாதம். உடலால் சேர்வது 'என்னை முழுக்க உனக்குக் கொடுத்தேன்' என்று சொல்லும் ஒரு பேச்சு. பேச்சு என்றால் அதில் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு. பீடத்தின் முன்னால் வாய் சொன்னதையே உடம்பும் சொன்னால் அது மெய்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை விளங்கும். கல்யாணத்துக்கு முன் உடலுறவு கூடாது என்பது, வாய் இன்னும் கொடுக்காத வாக்கை உடம்பு முந்திக்கொண்டு கொடுப்பதால். வேறொருத்தியோடு போவது கொடுத்த வாக்கை மறுப்பதால். கணவனே ஆனாலும் வற்புறுத்திச் சேர்வது அன்பின் செயல் அல்ல என்று 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதினார். வயது வந்த மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்துவதை நம் நாட்டுக் குற்றவியல் சட்டம் இன்னும் பாலியல் வன்கொடுமை என்று எண்ணுவதில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பின்வரிசையில் ஆண்கள் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்கும்.

அந்தப் 'பிரமாணிக்கம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். கத்தோலிக்கர்கள் தவிர வேறு யாரும் அன்றாடப் பேச்சில் புழங்காத சொல். விசுவாசமாய், வாக்குத் தவறாமல் இருப்பது. தமிழ் வாத்தியார் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம்முடையது மருத நிலம். மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். அந்த ஊடலுக்குக் காரணம் என்ன? பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு விடியலில் வாசலுக்கு வந்து நிற்கிற கணவன். வயலும் பொய்கையும் எருமையும் அழகாக வரும், நடுவில் அந்த மனைவி வாயில் மறுத்துக்கொண்டு நிற்பாள். கற்பு என்றால் அவளுக்கு, அவனுக்கு ஊடல் தீர்க்கும் தூது. இந்த நிலத்துக்குக் கிறிஸ்தவம் வந்தபோது பைபிளில் பவுல் அப்போஸ்தலர் எழுதிய ஒரு வசனமும் கூடவே வந்தது: மனைவியின் உடல்மேல் உரிமை கணவனுக்கு, அதுபோலவே கணவனின் உடல்மேல் உரிமை மனைவிக்கு. முதல் பாதியை உலகமே முன்பிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதிதான் புதிது.

அதற்காக இங்கே உயிரே போயிருக்கிறது. போர்த்துக்கீசியத் துறவி அருளானந்தரை ஓரியூரில் வெட்டியது 1693 பிப்ரவரி 4. அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர் பல மனைவியரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினார். அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுரத்து அரசர் சேதுபதியின் உறவுப்பெண். அவள் முறையீடுதான் மரணத் தண்டனையில் முடிந்தது. இந்தக் கதையை எங்கள் கோயில்களில் வீரமாகச் சொல்வோம். எனக்கோ அனுப்பப்பட்ட அந்தப் பெண்களின் ஞாபகமும் வரும். ஒருத்திக்கு ஒருவன் என்ற நல்ல சட்டத்துக்கு அவர்களும் விலை கொடுத்தார்கள்.

இப்போது கருத்தடை. ஆம், உண்மை. மாத்திரை, ஆணுறை, காப்பர் டி, அறுவை எல்லாவற்றையும் திருச்சபை ஏற்பதில்லை. வளமான நாட்களை அறிந்து அந்நாட்களில் விலகி இருப்பதை ஏற்கிறது. பிள்ளை எத்தனை, எப்போது என்று தம்பதி பொறுப்போடு தீர்மானிப்பதையும் ஏற்கிறது. பெற்றுக்கொண்டே இருக்கவேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை.

இது வந்த வழி சுவாரசியமானது. 1930இல் இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் ஆயர்கள் சில நிலைகளில் கருத்தடை சரி என்றார்கள். அதே வருஷம் டிசம்பர் கடைசி நாளில் திருத்தந்தை பதினோராம் பயஸ் கூடாது என்று சுற்றுமடல், அதாவது உலகத் திருச்சபைக்கான கடிதம், எழுதினார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் கல்யாணத்தின் முதல் நோக்கம் பிள்ளைப்பேறு என்றும், கணவன் மனைவியின் பரஸ்பர உதவி இரண்டாம் நோக்கம் என்றும் இருந்தது. 1965இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்த வரிசையை விட்டுவிட்டு, மணத்தை வாழ்வும் அன்பும் கலந்த நெருங்கிய உறவு என்று சொன்னது. அதற்குள் மாத்திரை வந்துவிட்டது. ஆராய ஒரு குழு. ஆயர்கள், மருத்துவர்கள், கல்யாணமானவர்கள் எல்லாரும் இருந்தார்கள். 1966இல் அதன் பெரும்பான்மை, போதனையை மாற்றலாம் என்றது. ஆறாம் பவுல் ஏற்கவில்லை. 1968 ஜூலை 25 தேதியிட்டு 'ஹுமானே வீத்தே' சுற்றுமடல். இணைக்கும் பொருளும் உயிர் தரும் பொருளும் உடற்சேர்க்கையிலேயே பின்னிக் கிடக்கின்றன, மனிதன் வேண்டுமென்று இரண்டையும் பிரிக்கக் கூடாது என்பது அதன் நடுக்கருத்து. 'என்னை முழுக்கக் கொடுத்தேன்' என்று சொல்லும்போதே 'இது ஒன்றைத் தவிர' என்று ஒதுக்கி வைப்பது உடம்பின் பேச்சைப் பொய்யாக்கும் என்று பின்னால் யோவான் பவுல் விளக்கினார்.

உலகமே எதிர்த்தது, கத்தோலிக்கர்களில் பலரும் எதிர்த்தார்கள். ஆனால் அந்த மடலில் ஒரு எச்சரிக்கை இருந்தது. இந்தக் கருவிகளை அரசாங்கங்கள் கையில் எடுத்துக்கொண்டு மக்கள்மேல் திணித்தால் யார் தடுப்பார்கள் என்று. இந்தியா 1952லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' வாசகமும் எழுதாத சுவர் எங்கள் சின்ன வயதில் கிடையாது. நெருக்கடிநிலை வந்தபோது வடமாநிலங்களில் லட்சக்கணக்கான ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் அறுவை செய்தார்கள். மடல் வந்து எட்டே வருஷம்.

சரி, எங்கள் வீட்டுக் கதை. எங்களுக்கு 1986இல் கல்யாணம். பழைய காலண்டர் முறைதான் சொல்லித் தந்தார்கள். அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய பதினான்கு நாள் முன்பு கருமுட்டை வெளியாகும், எண்ணிக்கொள் என்று. தேதி காலண்டரில் எனக்குப் பென்சில் வட்டம். என் மாதச் சுற்று 26க்கும் 34க்கும் நடுவே ஆடும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் மூன்றாவது மகன் அந்தப் பென்சிலின் பலன். இன்றைக்கு அவன்தான் எங்களைப் பார்த்துக்கொள்கிறான், அது வேறு. பிறகுதான் நர்ஸ் சிஸ்டரிடம் ஆஸ்திரேலிய மருத்துவத் தம்பதி ஜான், எவலின் பில்லிங்ஸ் கண்ட முறையைக் கற்றேன். நாட்களை எண்ண வேண்டாம், கசிவைக் கவனி. காய்ந்த நாள், பிசுபிசுப்பு நாள், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுக்கி நீளும் நாள். கடைசியாகச் சொன்னதுதான் மிக வளமான நாள். ஒரு ரூல் போடாத நோட்டில் தினம் ராத்திரி எழுதி வைப்பேன். இரண்டாம் மாதத்திலிருந்து என் வீட்டுக்காரரே நோட்டை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். பதின்மூன்று வருஷத்தில் என் உடம்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அந்த நோட்டிலிருந்து வந்தது.

இதில் என் அபிப்பிராயம் கேட்பீர்கள். முறை வேலை செய்கிறது, ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து செய்தால் மட்டும். குடித்துவிட்டு வருகிற புருஷனிடம் நோட்டைக் காட்ட முடியாது. எங்கள் பங்கில் இரண்டாவது சிசேரியனோடு அறுவை செய்துகொண்ட பெண்கள் ஏராளம். அவர்கள் நன்மை எடுக்க, அதாவது பூசையில் நற்கருணை அப்பம் வாங்க, வரிசையில் வருகிறார்கள், நான் யார் முகத்தையும் எட்டிப் பார்ப்பதில்லை, அது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பேசவேண்டியது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. தமிழ்நாட்டில் எந்த மதமானாலும் கத்தி படுவது பெரும்பாலும் பெண் உடம்பில்தான். போதனையைப் பிடிக்காதவர்கள்கூட இதைக் கவனிக்கலாம்.

இதே தர்க்கத்தில்தான் சோதனைக்குழாய்க் குழந்தை முறையையும் திருச்சபை ஏற்பதில்லை, 1987இல் தெளிவாகவே எழுதியது. பிள்ளை இல்லாத தம்பதியிடம் இதைச் சொல்வது எனக்கு எப்போதும் கடினம். தன்பாலினத்தவர் பற்றி, அந்த ஈர்ப்பு பாவம் அல்ல, உடலுறவு கூடாது, அவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கவேண்டும், ஒதுக்கக் கூடாது என்கிறது 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல். எங்கள் ஊர்களில் கடைசிப் பாதி இன்னும் வரவில்லை.

கடைசிக் கேள்வி. 'செல்லாது' என்பது விவாகரத்து அல்ல. விவாகரத்து என்றால் இருந்த கல்யாணத்தை முறிப்பது. 'செல்லாது' என்றால், தாலி கட்டிய அந்த நேரத்திலேயே சம்மதத்தில் ஓட்டை இருந்தது, ஆகவே மணம் உண்டாகவே இல்லை என்று கண்டறிவது. சொன்னேனே, எல்லாம் சம்மதம் என்கிற ஆணியில் தொங்குகிறது என்று. வற்புறுத்தல், பெரிய விஷயத்தை மறைத்து ஏமாற்றியது, கல்யாணக் கடமைகளைத் தாங்கமுடியாத மனநிலை, பிள்ளையே வேண்டாம் என்றோ பிரமாணிக்கமாய் இருக்கமாட்டேன் என்றோ முன்பே உள்ளுக்குள் முடிவுசெய்துவிட்டு வாய்வார்த்தைக்குச் சொன்னது, இப்படியெல்லாம் காரணம் வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு வந்த கசப்பு காரணம் ஆகாது. மறைமாவட்ட நீதிமன்றம் சாட்சிகளை விசாரிக்கும். முன்பு இரண்டு நீதிமன்றங்கள் ஒத்துச் சொல்லவேண்டும் என்று இருந்தது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை நீக்கினார், கூடியவரை கட்டணமில்லாமல் நடத்தவும் சொன்னார். பணம் இருப்பவனுக்கு மட்டும் என்ற பேச்சு முழுப்பொய் என்று சொல்லமாட்டேன். விவரம் தெரிந்தவனும் அலையமுடிந்தவனும்தான் அங்கே போகிறான். வயல்வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது.

இரண்டு தவறான நம்பிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். செல்லாது என்று தீர்ப்பானால் பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள் என்பார்கள், ஆகமாட்டார்கள், சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. விவாகரத்து ஆனவர் நன்மை எடுக்கக் கூடாது என்பார்கள், அதுவும் தவறு. கைவிடப்பட்டுத் தனியாக வாழும் பெண்ணைப் பீடத்துப் பக்கம் போகாதே என்று ஊர் தடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். சிக்கல் மறுமணம் செய்துகொண்டால்தான், அங்கேயும் 2016க்குப் பிறகு அவரவர் நிலையைப் பங்குத்தந்தையோடு உட்கார்ந்து தெளியச் சொல்கிறார்கள். அப்புறம், மறைமாவட்டத் தீர்ப்பு மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்துவிடாதீர்கள். நாட்டுச் சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை என்று 1996இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. நாட்டு நீதிமன்றத்தில் விவாகரத்தும் வாங்கவேண்டும். 2001 திருத்தத்துக்குப் பிறகு கிறிஸ்தவர்களும் இருவர் ஒப்புதலோடு கேட்கலாம். உங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே இதைச் சொல்லவேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். கேட்டது நீங்கள்தான்.

வகுப்பு வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடியும். ஆதார் நகலும் இருவரின் புகைப்படமும் எடுத்துவாருங்கள், அவளிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் புதிதாக வாங்கிவரச் சொல்லுங்கள், பழையது ஆகாது. ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் முடிந்தால் பூசைக்கு வந்து பின்வரிசையில் உட்காருங்கள். உங்கள் பெயரைச் சொல்லும்போது கோயிலே திரும்பிப் பார்க்கும், கொஞ்சம் கூச்சமாக இருக்கும். சாமியார் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும்போது அவள் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாலும் வாசலில் போய் நிற்காதீர்கள். சாப்பாடு கோயிலிலேயே உண்டு. தவசுக்கால வெள்ளியாக அமைந்தால் கறி கிடையாது, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.